லிஃப்டும் ஹெடரும்: ஐப்பசிக் காற்றில் சிறு பாய்மரப் படகுப் பந்தயம்

பாய்மரப் படகுப் பந்தயத்தில் புதிதாக இறங்குபவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. எல்லாப் படகும் ஒரே அச்சில் செய்தவை, பாய் ஒரே அளவு, தண்ணீரில் போகும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்படியிருந்தும் முதல் மிதவையைச் சுற்றுவதற்குள் முன்னால் இருப்பவருக்கும் கடைசியில் வருபவருக்கும் இடையே 200 மீட்டர் விழுந்துவிடும். முன்னால் போனவர் குறைந்த தூரம் ஓட்டியிருக்கிறார். பெரும்பாலும் அதுதான் காரணம். காற்று ஒரே திசையில் நிற்காமல் இப்படியும் அப்படியும் திரும்பும் நாளில் இந்த வித்தியாசம் பல மடங்காகும். சென்னையில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் வருவது அக்டோபரில், தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடை இன்னும் நிலைகொள்ளாத ஐப்பசி வாக்கில். அந்தக் காற்றைப் படிப்பதற்கான அடிப்படை இரண்டு சொற்களில் இருக்கிறது: லிஃப்ட், ஹெடர்.

ஏன் வளைந்து வளைந்து போகிறார்கள்?

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கிப் பாய்மரப் படகு நேராகப் போக முடியாது. நேராக வைத்தால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். சிறு படகுகள் காற்றுக்கு ஏறக்குறைய 45 டிகிரி விலகி ஓடும். எனவே காற்றடிக்கும் பக்கம் வைக்கப்பட்ட மிதவையை, அதாவது மேல் மார்க்கை, அடைய இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். இந்த ஏற்றத்துக்குப் பீட் என்று பெயர். படகின் வலப்பக்கத்திலிருந்து காற்று வந்தால் ஸ்டார்போர்டு டேக், இடப்பக்கத்திலிருந்து வந்தால் போர்ட் டேக். படகின் மூக்கைக் காற்றின் குறுக்கே திருப்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை டேக் அடிப்பது என்பார்கள்.

காற்று அசையாமல் ஒரே திசையில் அடித்தால் எப்போது டேக் அடித்தாலும் மொத்தத் தூரம் ஒன்றுதான். மேல் மார்க் 1000 மீட்டர் தொலைவில் இருந்தால் 45 டிகிரியில் வளைந்து ஏற 1414 மீட்டர் ஓட வேண்டும். இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் கணக்கு மாறாது.

இப்போது காற்று 10 டிகிரி திரும்புகிறது என்று வையுங்கள். ஒரு டேக்கில் உங்கள் மூக்கு மார்க்கின் பக்கம் 10 டிகிரி நெருங்கும். 45-க்குப் பதில் 35 டிகிரியில் ஓடுவீர்கள். இது லிஃப்ட். அதே நேரத்தில் எதிர் டேக்கில் ஓடுபவரின் மூக்கு மார்க்கை விட்டு 10 டிகிரி விலகும். அவர் 55 டிகிரியில் ஓடுவார். அது ஹெடர். ஒருவருக்கு லிஃப்டாக வரும் காற்று எதிர் டேக்கில் இருப்பவருக்கு ஹெடர்தான். ஆகவே ஹெடரில் மாட்டியவருக்கு வழி உடனே திறந்திருக்கிறது: டேக் அடித்தால் அவரும் லிஃப்டில்.

இதைத் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். காற்று நடுத்திசையிலிருந்து இருபுறமும் 10 டிகிரி ஆடிக்கொண்டிருக்கும் நாளில், எப்போதும் லிஃப்டிலேயே ஓடுபவர் 1000 மீட்டர் ஏற சுமார் 1220 மீட்டர் ஓடுவார். எப்போதும் ஹெடரிலேயே ஓடும் பாவப்பட்டவர் சுமார் 1740 மீட்டர் ஓடுவார். 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம்! எவ்வளவு நன்றாக உடம்பை வெளியே சாய்த்து ஓட்டினாலும் அந்த 500 மீட்டரை வேகத்தால் ஈடுகட்ட முடியாது. நிஜத்தில் யாரும் முழுக்க முழுக்க லிஃப்டிலோ ஹெடரிலோ ஓடுவதில்லை, ஒவ்வொரு டேக்குக்கும் கொஞ்சம் வேகம் போகும் என்பதும் உண்மை. ஆனாலும் பயிற்சி நேரத்தில் எதற்கு முன்னுரிமை என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

சென்னைக் கடலில் காற்று ஏன் இப்படித் திரும்புகிறது?

சென்னையில் பாய்மரப் படகோட்டத்துக்குப் பழைய வேர் உண்டு. துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன நான்கு பாய்மரப் படகு வீரர்களில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவர் சென்னைக்காரர்கள். இந்தக் கடல் நல்ல ஆசிரியர் என்பதற்குக் காரணம், வருடத்தில் மூன்று விதமான காற்றை அது காட்டுவதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கு, தென்மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வரும் காற்று. பிற்பகலில் அதை உள்ளே தள்ளிக்கொண்டு வரும் கடற்காற்று. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அது நிலைத்தபின் வாடை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில வாரங்களில் எந்தப் பெரிய காற்றும் ஆட்சி செய்யாது. விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று, பத்து பதினொரு மணிக்கு அசைவே இல்லாத புழுக்கம், பிறகு கடலிலிருந்து காற்று, மாலையில் இடிமேகம் என்று ஒரே நாளில் நான்கு விதம் பார்க்கலாம்.

கரையிலிருந்து வரும் காற்றே மிக மோசமாக ஆடும். நகரத்துக் கட்டடங்கள், துறைமுகக் கிரேன்கள், அடுக்கிய கன்டெய்னர்கள் எல்லாவற்றிலும் மோதிச் சுழன்று அது கடலுக்கு வருகிறது. கரைக்கு 500 மீட்டர் தொலைவில் 20, 30 டிகிரி திரும்புவதும், ஒரு நிமிடம் அடித்து மறு நிமிடம் சாவதும் சகஜம். கடற்காற்று அப்படியல்ல. பல கிலோமீட்டர் தடையில்லாத தண்ணீரின் மேல் வருவதால் அதன் ஆட்டம் சிறியது, பெரும்பாலும் 5 முதல் 10 டிகிரிக்குள். ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. பூமி சுழல்வதன் விளைவாக நமது வட அரைக்கோளத்தில் கடற்காற்று நேரம் ஆக ஆகக் கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திரும்பும். நமது கரை வடக்கு தெற்காகக் கிடப்பதால் கிழக்கில் தொடங்கிய காற்று தென்கிழக்காகி, மாலையில் தெற்கை நோக்கி நகரும்.

எனவே காற்று மாற்றத்தில் இரண்டு வகை. போய்ப் போய்த் திரும்பி வருவது ஆடும் காற்று. ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போவது நிலையாகத் திரும்பும் காற்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதைக் கலந்துவிடுவதுதான் புதியவர்கள் படும் பாட்டில் பாதி. ஆடும் காற்றில் ஒவ்வொரு ஹெடருக்கும் டேக் அடிக்க வேண்டும். நிலையாகத் திரும்பும் காற்றிலோ, காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு முதலிலேயே போய், ஹெடரைப் பொறுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஒரே டேக்கில் மார்க்குக்கு வர வேண்டும். முதல் ஹெடரிலேயே டேக் அடித்தவர் வளைவின் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்வார். தென்கிழக்குக் கடற்காற்று தெற்காகும் பிற்பகலில் காற்றைப் பார்த்து நின்றால் வலக்கை கரைப் பக்கம் இருக்கும். ஆகவே அன்று பொதுவாகக் கரைப் பக்கம் போனவருக்கு லாபம்.

முதலில் நடுத்திசை

லிஃப்ட், ஹெடர் இரண்டும் எதையோ ஒப்பிட்டுச் சொல்வது. அந்த ‘எதையோ’தான் காற்றின் நடுத்திசை. அது தெரியாதவருக்கு எது லிஃப்ட் எது ஹெடர் என்பது கடைசிவரை தெரியாது. பந்தயத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. பாயை இழுத்துப் பார்ப்பதும் கயிறு சரிபார்ப்பதும் கரையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீரில் இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படகின் மூக்கை நேராகக் காற்றுக்குக் காட்டி, பாய் நடுவில் படபடக்கும்போது திசைகாட்டியில் வரும் எண்ணைப் படியுங்கள். படகின் மேல்தளத்தில் மெழுகுப் பென்சிலால் எழுதிக்கொண்டே போங்கள். இப்படி எட்டுப் பத்து எண் சேர்ந்தால் மூன்று விஷயம் தெரியும்: காற்று எந்த இரண்டு எல்லைக்கு நடுவே ஆடுகிறது, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் எடுக்கிறது, அல்லது ஆட்டமே இல்லாமல் ஒரே பக்கம் நகர்கிறதா.

ஓர் உதாரணம். அக்டோபர் கடைசி, நண்பகல், கிழக்கும் வடகிழக்கும் கலந்த காற்று. எழுதிய எண்கள் 52, 58, 66, 70, 64, 57, 50, 55. எல்லைகள் 50-ம் 70-ம், நடு 60. அதில் 45-ஐக் கழித்தால் ஸ்டார்போர்டு டேக்கில் ஓட வேண்டிய திசை: 15. கூட்டினால் போர்ட் டேக் திசை: 105. சென்னைக்கு வெளியே 15 என்றால் ஏறக்குறைய எண்ணூர் பக்கம், 105 என்றால் நேரே நடுக்கடல். மேல்தளத்தில் பெரிதாக எழுத வேண்டியது ‘ஸ்டா 15, போ 105’ அவ்வளவே. பந்தயத்தில் ஸ்டார்போர்டில் ஓடும்போது திசைகாட்டி 15-க்கு மேல் காட்டினால் லிஃப்ட், தொடருங்கள். 15-க்குக் கீழே போனால் ஹெடர். போர்ட்டில் தலைகீழ்: 105-க்குக் கீழே லிஃப்ட், மேலே ஹெடர். ஸ்டார்போர்டில் எண் ஏறினால் நல்லது, போர்ட்டில் எண் இறங்கினால் நல்லது. களைத்துப்போன நேரத்திலும் மறக்காமல் இருக்க இதைக் கரையிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில் திசைகாட்டி இல்லாமல் ஓட்டும் பிள்ளைகள் கரையைப் பயன்படுத்தலாம். ஸ்டார்போர்டில் ஓடும்போது மூக்கு எந்தக் கிரேனுக்கோ புகைபோக்கிக்கோ நேராக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். சற்று நேரத்தில் மூக்கு அதற்கு இடப்பக்கம் போயிருந்தால் ஹெடர், வலப்பக்கம் போயிருந்தால் லிஃப்ட். பக்கத்தில் ஓடும் படகுகளும் சொல்லும். ஒரே டேக்கில் இருக்கும்போது உங்களுக்கு முன்னால், காற்றின் கீழ்ப்பக்கம் (காற்று போகும் பக்கம்) இருக்கும் படகு திடீரென்று மிகவும் முன்னேறியதாகத் தெரிந்தால் ஹெடர் வந்திருக்கிறது. உங்களுக்குப் பின்னால், காற்றின் மேல்பக்கம் இருந்தவர் எழும்பி வந்தால் லிஃப்ட்.

ஒரு ஹெடர் வரும் விதம்

லேசர் என்று எல்லாரும் சொல்லும் ஐஎல்சிஏ படகை எடுத்துக்கொள்வோம். 4.2 மீட்டர் நீளம், உடல் மட்டும் 59 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். பாயின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இருபுறமும் சிறு கம்பளி நூல்கள் ஒட்டியிருக்கும், டெல்டேல் என்பார்கள். சரியான கோணத்தில் ஓடும்போது இரண்டு நூலும் பின்னோக்கிப் படிந்து பறக்கும். ஸ்டார்போர்டு டேக்கில் வலக்கையில் பாயை இழுக்கும் மெயின்ஷீட் கயிறு, இடக்கையில் சுக்கானைத் திருப்பும் டில்லரின் நீட்டுக்கோல், கண் அந்த நூல்களிலும் முன்னால் உள்ள தண்ணீரிலும் மாறி மாறிப் போக வேண்டும்.

ஹெடர் வந்ததும் முதலில் காற்றுப்பக்க நூல் மேலே எழும்பித் துள்ளும். அடுத்த நொடியில் பாயின் முன்விளிம்பு உள்ளே குழிந்து நடுங்கும். உடம்புக்குக் கீழே படகு நிமிரும். இங்கே புதியவர்கள் செய்யும் இரண்டு தவறு: நூலைக் கவனிக்காமல் அதே திசையில் பிடித்து வைத்துப் படகை நிறுத்திவிடுவது, அல்லது நூல் துள்ளிய மறுகணமே டேக் அடிப்பது. சரியான வரிசை இது. மூக்கைக் காற்றிலிருந்து சற்று விலக்குங்கள், நூல் மீண்டும் படிந்து படகு வேகம் பிடிக்கட்டும். திசைகாட்டியைப் பாருங்கள். எண் 15-லிருந்து 12 ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள். 8 ஆகி, பத்து வரை எண்ணியும் அங்கேயே நின்றால் பின்னால் திரும்பி வழி பார்த்து டேக் அடியுங்கள்.

பத்து வரை ஏன் எண்ண வேண்டும்? பொய் ஹெடர் ஒன்று இருக்கிறது. படகு ஓடும்போது பாய் உணர்வது நிஜக் காற்றும் படகின் ஓட்டத்தால் எதிரே வரும் காற்றும் சேர்ந்த ஒன்றை. காற்று 8 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு), படகு 4 நாட் என்றால் 45 டிகிரியில் வரும் காற்று பாய்க்கு 30 டிகிரியில் வருவதுபோல் இருக்கும். காற்று திசை மாறாமல் வலு மட்டும் 5 நாட்டாகக் குறைகிறது; படகு பழைய வேகத்திலேயே நழுவிக்கொண்டிருக்கிறது. அப்போது பாய்க்கு அது 25 டிகிரியில் வரும். நூல் துள்ளும், பாய் நடுங்கும், எல்லாம் ஹெடர் போலவே இருக்கும். அதை நம்பி டேக் அடித்தால் காற்று குறைந்த இடத்தில், இருந்த வேகத்தையும் இழந்து, தவறான டேக்கில் நிற்பீர்கள். காற்று விழும்போது மெயின்ஷீட்டை ஒரு கைப்பிடி அளவு தளர்த்தி, உடம்பை உள்ளே கொண்டுவந்து, பொறுத்திருங்கள். வேகம் குறைந்து நிலைப்பட்ட பிறகும் எண் தாழ்ந்தே இருந்தால்தான் அது உண்மையான ஹெடர். இதேபோல் திடீர் வலுக்காற்று பொய் லிஃப்டைக் காட்டும்.

வலுக்காற்று வருவதைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். சிற்றலை அடர்ந்து கருத்த திட்டாக நகர்ந்து வரும். அது கீழே இறங்கித் தண்ணீரில் பட்டு இருபக்கமும் விரிவதால், அதன் ஒரு ஓரத்தில் நுழையும்போது ஹெடராகவும், நடுவைத் தாண்டி மறு ஓரத்தில் லிஃப்டாகவும் இருக்கும். நுழைந்த உடனே டேக் அடித்தால் வலுக்காற்றை விட்டு வெளியே ஓடிவிடுவீர்கள். திட்டின் உள்ளே முதலில் நன்றாக நுழைந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

டேக்கிலும் காசு செலவாகிறது. மெல்லிய காற்றில் சுமாராக அடிக்கும் டேக் ஒன்று, ஒன்றிரண்டு படகு நீளத்தைத் தின்றுவிடும். 5 டிகிரிக்குக் குறைந்த ஹெடருக்கு டேக் அடிப்பதில் பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இல்லை. அடிக்கும்போது படகைச் சற்றுக் கீழ்ப்பக்கம் சாய விட்டு, டில்லரை மெதுவாகத் தள்ளி, மூக்கு காற்றைத் தாண்டும் நேரத்தில் பழைய பக்கத்தில் உடம்பை நன்றாகச் சாய்த்து, பாயின் அடியில் உள்ள பூம் கழி தலைக்கு மேல் போனதும் எதிர்ப்பக்கம் மாறிப் படகை நிமிர்த்துங்கள். டில்லரை வெடுக்கென்று தள்ளினால் சுக்கான் தண்ணீரில் தடையாகி வேகம் செத்துவிடும். பாதியில் நின்று காற்றுக்கு நேராக மாட்டிக்கொண்டால் பூமையும் டில்லரையும் ஒரே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து மூக்கு விலகியதும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

பாயை எப்படி வைப்பது? ஆடும் மெல்லிய காற்றில் பாயின் முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாம் கயிறு தளர்வாக, பூமைக் கீழே இழுக்கும் கிக்கர் கயிற்றில் தொங்கல் மட்டும் எடுத்து, பாயின் அடிவிளிம்புக்கும் பூமுக்கும் நடுவில் 10 முதல் 15 செ.மீ. குழி இருக்கும்படி வையுங்கள். அதற்குமேல் இந்த நாளில் கயிற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். கண் படகுக்கு வெளியே இருக்கட்டும்.

பக்கவாட்டுத் தூரம்

பந்தயத் திடலை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். படிகள் காற்றுக்குக் குறுக்காகக் கிடக்கின்றன. ஒரே படியில் இருக்கும் இருவர், எவ்வளவு தள்ளி இருந்தாலும், சமம். காற்று திரும்பினால் ஏணி முழுவதும் அந்தப் பக்கம் சுழலும். காற்று திரும்பிய பக்கத்தில் இருந்தவர் மேலே போவார், எதிர்ப்பக்கம் இருந்தவர் கீழே இறங்குவார். எவ்வளவு? இருவருக்கும் நடுவே 100 மீட்டர், திருப்பம் 10 டிகிரி என்றால் 17 மீட்டர், அதாவது நான்கு படகு நீளம். இடைவெளி 300 மீட்டர் ஆனால் 52 மீட்டர். பக்கவாட்டில் தள்ளிப் போகப் போகப் பந்தயப் பணம் கூடுகிறது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று உறுதியாகத் தெரியாதவர் திடலின் நடுப்பகுதியில், மற்றப் படகுகளை விட்டு அதிகம் விலகாமல் ஓடுவதே நல்லது.

லே லைன் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டேக் அடிக்காமல் நேரே மார்க்கை அடையக்கூடிய கடைசிக் கோடு அது. அதைச் சீக்கிரமே பிடித்தவருக்கு எந்தத் திருப்பமும் உதவாது. லிஃப்ட் வந்தால் தேவைக்கு மேல் ஏறியிருப்பார், கூடுதலாக ஓடிய தூரம் வீண். ஹெடர் வந்தால் மார்க்கை எட்ட இன்னும் இரண்டு டேக் வேண்டும், அதற்குள் நடுவில் இருந்தவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். மார்க்குக்கு 100 மீட்டருக்குள் வரும்வரை லே லைனைத் தொடாமல் இருப்பது ஆரம்பத்தில் நல்ல வழக்கம்.

இங்கே நீரோட்டமும் சேரும். சென்னையில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான், அதனால் வரும் ஓட்டம் பெரிதல்ல. ஆனால் கரையோரக் கடல் ஓட்டம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பிவிடும். வடகிழக்குக் காற்றில் ஏறும்போது அது உங்களைப் பின்னுக்கு இழுக்கும். அரை நாட் ஓட்டம் ஒரு நிமிடத்தில் 15 மீட்டர் தள்ளும். எனவே லே லைனில் டேக் அடிக்கும் முன் கூடுதலாகச் சில படகு நீளம் போய்விடுங்கள். மிதவைக் கயிற்றின் அருகே தண்ணீர் எந்தப் பக்கம் சுழித்து ஓடுகிறது என்று பந்தயத்துக்கு முன்பே பார்த்து வைக்கலாம். மார்க்கில் இடித்தால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும் என்பது விதி.

தொடக்கம்

எச்சரிக்கைக் கொடி தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன் ஏறும், ஆயத்தக் கொடி 4 நிமிடம் முன் ஏறி 1 நிமிடம் முன் இறங்கும், பிறகு தொடக்கம். தொடக்கக் கோட்டின் ஒரு முனையில் நடுவர் படகு, மறுமுனையில் மிதவை. கோட்டின் நடுவில் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நில்லுங்கள். மூக்கு எந்த முனையின் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த முனை காற்றுக்கு அருகில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குபவருக்கு லாபம். 100 மீட்டர் கோட்டில் 10 டிகிரி சாய்வு என்றால் மேலே சொன்ன அதே 17 மீட்டர்.

ஆடும் காற்றில் சிக்கல் என்னவென்றால் 4 நிமிடம் முன் பார்த்த முனை தொடக்க நேரத்தில் மாறியிருக்கலாம். அதனால்தான் ஆட்டத்தின் கால அளவை எழுதி வைத்தோம். முழு ஆட்டம் 6 நிமிடம் எடுக்கிறது, இப்போது காற்று வலக்கோடியில் இருக்கிறது, தொடக்கத்துக்கு 3 நிமிடம் இருக்கிறது என்றால், தொடங்கும்போது காற்று இடக்கோடிக்கு வந்திருக்கும். ஆரம்பத்தில் இருப்பவர்கள் கோட்டின் நடுப்பகுதியில், எளிதாக டேக் அடிக்க வலப்பக்கம் இடம் விட்டுத் தொடங்குவது நல்லது. முனையில் முண்டியடித்து மாட்டிக்கொண்டவரால் ஹெடர் வந்தாலும் திரும்ப முடியாது.

ஹெடருக்காக டேக் அடித்துப் போர்ட்டில் ஓடும்போது ஸ்டார்போர்டுப் படகுகள் எதிரே வரும். போர்ட்டில் இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும், அது பந்தய விதிகளில் 10-வது. ‘ஸ்டார்போர்டு!’ என்ற கூவல் கேட்கும் முன்பே பாய்க்கு அடியில் குனிந்து பார்ப்பது உங்கள் வேலை. மெயின்ஷீட்டைக் கொஞ்சம் விட்டு அவர் பின்னால் நழுவிப் போவது சில மீட்டர்தான் செலவு. மோதலுக்குக் காரணமாகி இரண்டு முழுச் சுற்று தண்டனை எடுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. நல்ல லிஃப்டில் இருக்கும்போது குறுக்கே வருபவருக்குப் பயந்து டேக் அடித்து ஹெடருக்குள் போய்விடாதீர்கள். பின்னால் போய்விட்டு லிஃப்டிலேயே தொடருங்கள்.

காற்றோடு இறங்கும்போது கணக்கு தலைகீழ். அங்கே ஹெடர் வந்த டேக்தான் கீழ் மார்க்குக்கு நேராகக் கொண்டுபோகும். லிஃப்ட் வந்தால் ஜைப் அடித்து, அதாவது படகின் பின்பக்கத்தைக் காற்றின் குறுக்கே திருப்பி, பக்கம் மாற வேண்டும். முடிவுக் கோட்டிலும் அப்படியே. காற்றை எதிர்த்து வந்து முடிக்கும்போது, தொடக்கத்தில் லாபமாக இருந்திருக்கக்கூடிய முனை அல்ல, அதற்கு எதிர்முனைதான் உங்களுக்கு அருகில்.

மேகம் கருத்தால்

ஐப்பசியில் இதைத் தனியே சொல்லியாக வேண்டும். பிற்பகலில் மேற்கே மேகம் கோபுரமாக எழுந்து அடிப்பாகம் கருக்கத் தொடங்கும். ஓடிக்கொண்டிருந்த கடற்காற்று திடீரென்று சாகும். சற்று நேரத்தில் கரையிலிருந்து குளிர்ந்த காற்று ஒரே அடியாக வரும். அது 100 டிகிரிக்கு மேல் திரும்பிய காற்று, வலுவும் பல மடங்கு. அதில் லிஃப்ட், ஹெடர் தேட வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் வந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கடலில் நிமிர்ந்து நிற்கும் உயரமான பொருள் உங்கள் பாய்மரம்தான். நடுவர் படகு பந்தயத்தை நிறுத்தக் காத்திராமல் கரைக்குத் திரும்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால், அது 1-ம் எண்ணாக இருந்தாலும், சிறு படகை இறக்கவே வேண்டாம். மிதவை அங்கியை எந்தக் காற்றிலும் கழற்றக் கூடாது.

படகில் ஏறும் முன்பே இதைப் பழகலாம். ஒரு பிற்பகல் மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ தண்ணீர் விளிம்பில், கட்டடங்களிலிருந்து விலகி நில்லுங்கள். ஒரு குச்சியில் நூல் கட்டி உயர்த்திப் பிடித்து, கைபேசியின் திசைகாட்டியால் காற்று வரும் திசையை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குறியுங்கள். முப்பது எண் சேரும். வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தால் காற்று ஆடியதா, ஒரே பக்கம் நகர்ந்ததா, இரண்டும் சேர்ந்ததா என்று கோடு காட்டும். ஒரு புள்ளியின் மேல் விரல் வைத்து, அந்த நிமிடத்தில் எந்த டேக்கில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பதில் சொல்லுங்கள். முப்பது புள்ளிக்கும் தயங்காமல் பதில் வரத் தொடங்கியதும் படகில் ஏறலாம்.